சதவீதக் குறிக்குப் பின்னால்

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் அறிக்கை போய்ச் சேர்ந்தாக வேண்டும். பதினொன்றரைக்கு ஜெசிந்தா திரையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். பாதிக்கு மேற்பட்ட இடங்களில் "அட்டவணை 31 காண்க" என்றே வந்தது. கடல்மட்ட அளவீடுகளுக்கு அட்டவணை 31. மண் பரிசோதனைக்கு அட்டவணை 31. குடியிருப்பின் நூற்று நாற்பது வீடுகளுக்கும் அட்டவணை 31. அந்த முப்பத்தொன்றோ, ஆய்வுக் குழு எந்தெந்தத் தேதியில் படகில் போனது என்கிற வெறும் பயண விவரம்.

"அண்ணே, கொஞ்சம் இங்க வாங்க. இதைப் படிச்சா, கடல் ஏறுனதுக்கே நாம படகுல போனதுதான் காரணம்னு நினைப்பாங்க."

உமையொருபாகம் டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தான். பெயர் நீளம் என்பதால் எல்லோருக்கும் அவன் உமை. கருவிகள் அனுப்பும் எண்களைச் சலித்துப் புடைப்பது அவன் வேலை. ஜெசிந்தாவைவிட நான்கு வயது மூத்தவன், அவளைவிட நாலு மடங்கு சோம்பேறி, ஆனால் இந்த மாதிரி நேரத்தில் அவனை விட்டால் ஆளில்லை.

"மூணு பேரும் அவங்கவங்க கோப்புல முதல் அட்டவணைக்கு ஒரே அடையாளப் பேரு வச்சிருக்கோம்," என்றான். "தனித்தனியா இருந்தவரைக்கும் வம்பில்ல. ஒரே வீட்டுல குடி வச்சதும் கூப்பிட்டா கடைசி ஆளு மட்டும் திரும்பிப் பாக்கான். பேரை மாத்து, சரியாயிரும்."

அது 2061. உலகம் எங்கெங்கோ போய்விட்டது, அறிக்கை எழுதும் பழைய மென்பொருளான லேடெக் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. தூத்துக்குடி கரையோர அளவை மையத்தில் இன்னும் அதில்தான் எழுதினார்கள். இந்த அறிக்கைக்கு மொத்தம் பதினொரு கோப்புகள், எழுதியவர்கள் மூன்று பேர். ஜெசிந்தா களத்தில் பார்த்ததை எழுதினாள். உமை எண்களை எழுதினான். எங்கே அளந்தோம், ஏன் அங்கே அளந்தோம் என்பதையும் முடிவுரையையும் எழுதியவர் மையத்தின் தலைவர் பேச்சிமுத்து. முன்பெல்லாம் பதினொன்றையும் அச்சுப் பக்கங்களாக்கி அப்படியே ஒரு பையில் போட்டு அனுப்பிவிடலாம். இந்த வருடம் புது விதி வந்திருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டி, ஒரே மூலக்கோப்பாகத் தர வேண்டும்.

"எதுக்காம் இந்த வேலை?" என்று பெயர்களை மாற்றிக்கொண்டே கேட்டாள்.

"மிஷினுக்காக. போன வருசம் வரைக்கும் நாம அச்சுப் பக்கத்தைத்தான் அதுக்குக் குடுத்தோம். சில பேரு வெள்ளைத் தாள்ல வெள்ளை எழுத்துல எழுதி அதை ஏமாத்தியிருக்கான். இன்னும் சில பேரு, விசாரணையில மாட்டுனதும் 'அந்தக் கோப்பு வரலியே'ன்னு கையை விரிச்சிருக்கான். அதான் ஒரு அறிக்கைக்கு ஒரே வாய்தான் இருக்கணும்னு சொல்லிட்டாங்க."

வாய் என்று அவன் சொன்னது சும்மா பேச்சுக்கு இல்லை. ஜனங்களின் வீட்டையோ நிலத்தையோ தண்ணீரையோ தொடுகிற எந்த அறிக்கையும் ஊருக்கு முன்னால் வந்து தானே பேச வேண்டும் என்று சட்டம். அறிக்கையை இயந்திரம் விழுங்கிக்கொள்ளும். விசாரணை நாளில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். உள்ளே எழுதியிருப்பதை மட்டும் வைத்து அது பதில் சொல்லும். வெளியிலிருந்து எதையும் கூட்டாது, உள்ளே இருப்பதைக் குறைக்கவும் செய்யாது. எழுதியவர்கள் ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். அதிகாரி கூப்பிடும்வரை வாயைத் திறக்கக் கூடாது. நிபுணர்கள் வந்து ஆங்கிலத்தில் முழங்கி ஊரை மடக்கிவிட்டுப் போன காலம் ஒன்று இருந்ததால் இப்படி ஒரு சட்டம்.

இந்த அறிக்கை பேசப் போவது சிப்பிக்குடியிருப்பைப் பற்றி. அங்கே கடல் வருடத்துக்கு ஏழு சென்டிமீட்டர் ஏறுகிறது, பத்து வருடத்தில் நூற்று நாற்பது வீடுகளும் போய்விடும், இப்போதே காலி செய்யுங்கள். அவ்வளவுதான் சாரம். இதை வைத்துக் காலி செய்யும் உத்தரவு ஒன்று, விசாரணைக்கு முன்பே, போன மாதம் ஊருக்குப் போயிருந்தது.

உமை எப்போதோ எழுதி வைத்திருந்த சின்ன நிரல் ஒன்றுதான் ஒட்டும் வேலையைச் செய்தது. முதன்மைக் கோப்பில் "இங்கே இன்ன கோப்பைக் கொண்டு வா" என்று வரி இருந்தால், அந்த வரியை எடுத்துவிட்டுக் கோப்பையே அங்கே கொட்டிவிடும். அச்சுக்கு வராத கமெண்ட் வரிகளை உதிர்த்துவிட்டு ஒட்டவும் அதற்குத் தெரியும், ஆனால் கேட்டால்தான் செய்யும். இதுவரை யாரும் கேட்டதில்லை. பன்னிரண்டு நாற்பதுக்கு அட்டவணைகள் எல்லாம் அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தன. ஜெசிந்தா அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். பசி அப்போதுதான் தெரிந்தது.

கேன்டீனில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது ரசீது வந்தது. இடது கையால் போனைத் திறந்தாள்.

"உங்கள் ஆவணம் வாசிக்கப்பட்டது. அச்சில் வரும் வரிகள்: 8,940. அச்சில் வராத வரிகள்: 611. அனைத்தும் ஏற்கப்பட்டன."

பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது.

பேச்சிமுத்துவின் மையத்தில் இரண்டு விதிகள் உண்டு. எழுதிய எந்த வரியையும் அழிக்கக் கூடாது. வேண்டாம் என்றால் அதன் முன்னால் ஒரு சதவீதக் குறி, பெயரின் முதலெழுத்து, தேதி. சதவீதக் குறி போட்ட வரியை லேடெக் கண்டுகொள்ளாது, அது அச்சுக்கு வராது, ஆனால் கோப்பிலேயே கிடக்கும். இரண்டாவது விதி, ஒருவர் கோப்பை இன்னொருவர் திறக்கக் கூடாது. ஒருமுறை உமை ஜெசிந்தாவின் அத்தியாயத்தின் மேல் தன் பழைய பிரதியைச் சேமித்து ஒரு மாத வேலையைத் துடைத்தெறிந்ததிலிருந்து இந்த விதி. ஆகவே அவரவர் கோப்பு அவரவருக்கு டைரி மாதிரி ஆகிவிட்டது. திட்ட வேண்டுமென்றால் ஒரு சதவீதக் குறியைப் போட்டுத் திட்டிக்கொள்ளலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? பத்து வருடமாக அச்சில் வராதது இல்லாதது என்றே அவர்கள் பழகியிருந்தார்கள். இயந்திரத்துக்கு இனி மூலக்கோப்புதான் என்று உமை சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டேதான் ஜெசிந்தா அட்டவணைக்குப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

அவள் கோப்பில் இருந்தது வெறும் திட்டு என்றால் பரவாயில்லை. நான்காம் அத்தியாயத்தில் ஒரு வரி இருந்தது. அது அவளுக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் இருந்தது.

சிப்பிக்குடியிருப்புக்கு நேர் எதிரே, கடல்மட்டம் அளக்கக் கழிமுகத்தில் நட்ட மூன்றாம் தூண்தான் அந்த ஏழு சென்டிமீட்டரைச் சொன்னது. மற்ற இரண்டு தூண்களும் தூரத்தில், பாறைமேல். அவை சொன்னது வருடத்துக்கு நாலு மில்லிமீட்டர். கழிமுகம் அப்படித்தான், ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு மாதிரி என்று முடிவுரை சொல்லியது. ஆனால் ஜெசிந்தா எடுத்த இரண்டு படங்கள் வேறு என்னமோ சொல்லின. முதல் வருடப் படத்தில் தூணின் சிவப்புப் பட்டை சேற்றுக்கு மூன்று விரற்கடை மேலே இருந்தது. அடுத்த வருடப் படத்தில் பட்டை பாதி சேற்றுக்குள். தூணே கீழே இறங்குகிறதோ? தூண் இறங்கினால், அதில் கட்டிய கருவிக்குக் கடல் ஏறுவதாகத்தானே தெரியும்?

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சேறு ஏறி மூடியிருக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை கூட்டத்தில் எழுந்து "சார், இது தப்பு" என்று சொன்னபோது, பேச்சிமுத்து ஒரு முழு மத்தியானம் பொறுமையாகப் பலகையில் எழுதிக் காட்டி, தப்பு அவளுடையதுதான் என்று நிரூபித்திருந்தார். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. அதற்கப்புறம் அவள் வாய் சதவீதக் குறிக்குப் பின்னால் மட்டுமே திறந்தது.

அறிக்கையைத் திரும்பப் பெறலாம். அதற்கு மூன்று பேரும் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காரணம் என்று என்ன எழுதுவது? சார், உங்கள் தூண்மேல் எனக்குச் சந்தேகம், அதை உங்களுக்குத் தெரியாமல் எழுதி ஒளித்து வைத்திருந்தேன், இப்போது மாட்டிக்கொண்டேன் என்றா? தயிர்சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

விசாரணை புதன்கிழமை. இடையில் இருந்த நாட்கள் நகர மறுத்தன. திங்கள்கிழமை பேச்சிமுத்து அவள் மேசைப் பக்கம் மூன்று முறை வந்தார். அவர் அப்படி வருகிற ஆள் இல்லை.

"எல்லாம் சரியாப் போயிருச்சாம்மா?"

"போயிருச்சு சார்."

"ரசீது வந்துதா?"

"வந்துது சார்."

"ம்," என்றார். சட்டைப் பையிலிருந்து இருமல் மிட்டாய் ஒன்றை எடுத்து, பிரிக்காமல் மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு போனார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று ஜெசிந்தா முடிவு கட்டினாள். உமையும் சரியில்லை. வாயாடி மனுஷன், இரண்டு நாளாக உம்மென்று இருந்தான். செவ்வாய்க்கிழமை திடீரென்று, "ஜெசி, இப்ப இதைத் திரும்ப வாங்கணும்னா சாருகிட்டத்தான் கேக்கணும், என்ன?" என்றான். "ஏன், எதுக்கு?" என்று அவள் பதறிக் கேட்டதும், "சும்மா கேட்டேன்," என்று எழுந்து போய்விட்டான். தன்னை ஆழம் பார்க்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை பத்து மணி. சிப்பிக்குடியிருப்பின் புயல் பாதுகாப்புக் கூடத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். கடலுக்குப் போகிறவர்கள் அன்று போகவில்லை. மேடையில் விசாரணை அதிகாரி ஹமீதா. அவர் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் ஒலிபெருக்கி, அவ்வளவுதான் அறிக்கைக்கு உடம்பு. ஓரமாகப் போட்ட மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளில் பேச்சிமுத்து, ஜெசிந்தா, உமை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்குப் பெரும்பாடு பட்டார்கள்.

முதல் கேள்விகளுக்கு அறிக்கை ஒழுங்காகப் பதில் சொன்னது. எந்தெந்த வீடுகள், எத்தனை வருடம், போக்கிடம் எங்கே. குரல் ஆணுமில்லை பெண்ணுமில்லை, பேருந்து நிலையத்து அறிவிப்பு மாதிரி. இப்படியே முடிந்துவிடாதா என்று ஜெசிந்தா ஒரு பக்கம் வேண்டினாள். இப்படியே முடிந்துவிட்டால் நூற்று நாற்பது வீடு என்று இன்னொரு பக்கம் நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டில் எதை வேண்டுவது என்று தெரியாமல் சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஊர் மகளிர் சங்கத்துச் செயலாளர் அமலோற்பவம் எழுந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மீன் ஏலத்தில் குரல் கொடுத்துப் பழகியவர், மைக்கைத் தொடக்கூட இல்லை.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஏழு சென்டிமீட்டரு ஏறுதுன்னு சொல்லுத. ரெண்டு வருசத்துல அரைச் சாணுக்கு மேல ஏறியிருக்கணும். எங்க வீட்டுப் படியில ஏறலயே. நெசமா ஏறுதுன்னு உன்ன எழுதுனவுகளுக்கு நம்பிக்கை இருக்கா?"

ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்லை," என்றது ஒலிபெருக்கி.

ஹமீதா நிமிர்ந்து உட்கார்ந்தார். "விளக்கமாச் சொல்."

"என்னை எழுதியவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் நம்பிக்கை இல்லை. நான்காம் அத்தியாயம், அச்சில் வராத வரி, எழுதியவர் ஜெசிந்தா, சென்ற ஜூலை: 'தூணின் சிவப்புப் பட்டை பாதி சேற்றுக்குள் போயிருக்கிறது. தூணே இறங்குகிறதா? இல்லை, சேறு ஏறியிருக்குமோ? சார் இவ்வளவு உறுதியாக இருக்கும்போது நான் எழுந்து சொன்னால் மறுபடி பலகைதான்.'"

ஜெசிந்தாவுக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

"ஆறாம் அத்தியாயம், எழுதியவர் உமையொருபாகம், சென்ற செப்டம்பர்: 'மூன்றாம் தூணில் ஒரே நாளில் ஒரு சென்டிமீட்டர் ஏறி அப்படியே நிற்கிறது. இப்படி ஆறு தடவை. கடல் படிக்கட்டு மாதிரி ஏறுமா? கருவிக் கோளாறாக இருக்கலாம். ஜெசி நேரில் போய்ப் பார்த்தவள், அவளே ஒன்றும் சொல்லவில்லை, நான் ஏன் கிளறணும்.'"

ஜெசிந்தா கண்ணைத் திறந்தாள். உமை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்துவரை சிவந்திருந்தது.

"இரண்டாம் அத்தியாயம், எழுதியவர் பேச்சிமுத்து, அதற்கு முந்தைய பிப்ரவரி: 'மூன்றாம் தூண் நட்ட இடம் பழைய தூர்வாரல் மண் கொட்டிய இடம் என்று இப்போதுதான் தெரிகிறது. அடியில் கெட்டித் தரை இல்லை. இறங்கியிருந்தால் பிள்ளைகள் இரண்டும் கண்டுபிடித்திருக்கும். இரண்டும் இவ்வளவு நம்பிக்கையாக இருக்கும்போது நான் போய்ச் சந்தேகத்தைக் கிளப்பி இரண்டு வருட உழைப்பைக் கெடுக்க வேண்டாம்.'"

அறிக்கை அதே அறிவிப்புக் குரலில் தொடர்ந்தது. "தனித்தனியாக இவை மூன்று சந்தேகங்கள். நான் ஒரே கோப்பு. எனக்குள் இவை பக்கம் பக்கமாக இருக்கின்றன. அடியில் தளர்ந்த மண். மேலே சேற்றுக்குள் போகும் பட்டை. எண்களில் திடீர் திடீரென்று ஏற்றம். மூன்றையும் சேர்த்தால் தூண் இறங்குகிறது என்பதே பொருந்துகிறது. மற்ற இரண்டு தூண்களும் வருடத்துக்கு நான்கு மில்லிமீட்டர் என்கின்றன. முடிவுரை இதற்கு மாறாக இருக்கிறது. முடிவுரையை நான் ஆதரிக்க இயலாது."

கூடம் பொங்கிவிட்டது. பெஞ்சுகள் நகர்ந்தன. யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள், யாரோ ஜெபம் சொன்னார்கள். ஹமீதா மேசையைத் தட்டித் தட்டி ஓய்ந்தார். இந்த இரைச்சலுக்கு நடுவில் ஜெசிந்தாவுக்கு வந்தது சிரிப்பு. பயத்தில் வருகிற சிரிப்பு அல்ல. ஒரு வருடமாக மூன்று பேரும் பத்தடி தள்ளித் தள்ளி உட்கார்ந்துகொண்டு, அடுத்தவன் உறுதியாக இருக்கிறான் என்று நினைத்து, ஒரே விஷயத்துக்கு ஆளுக்கொரு சதவீதக் குறியைப் போட்டுப் புதைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! அதைவிட, தான் ஒண்டி இல்லை என்று தெரிந்ததில் எவ்வளவு பெரிய நிம்மதி! முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏம்மா," என்று பேச்சிமுத்து மெல்லக் குனிந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல சார்," என்றாள். அவரிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

அவர் தலையாட்டினார். "சொல்லியிருக்கணும். அந்தப் பலகையில எழுதிக் காட்டுனது அப்படியா மனசுல நின்னுட்டு? நான் பாடம் நடத்துதேன்னுல்ல நினைச்சேன்."

ஹமீதா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பேச்சிமுத்து எழுந்து போய், தூணை அந்த இடத்தில் நடச் சொன்னது தான்தான், பாறைவரை போகப் படகு கிடைக்காத வாரத்தில் கிடைத்த இடத்தில் நட்டது, பிறகு தெரிந்தும் வெளியே சொல்லாதது தன் தவறு என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது பத்து வயது குறைந்தவர் மாதிரி இருந்தார். மிட்டாயை எடுத்துப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஹமீதா குறிப்பு எழுதி முடித்து வாசித்தார். காலி செய்யும் உத்தரவு நிறுத்தப்படுகிறது. பாறைமேல் புதுத் தூண் நட்டு மறுபடி அளக்க வேண்டும். மூவர்மீதும் துறை விளக்கம் கேட்கும்.

அத்தோடு எல்லோரும் கலைந்துவிடுவார்கள் என்று ஜெசிந்தா நினைத்தாள். அமலோற்பவம் கிளம்பவில்லை. நடந்து நேராக அந்த மூன்று நாற்காலிகளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நீதான ஜெசிந்தா? எங்க ஊருக்கு வந்து தூணைப் படம் எடுத்த பிள்ள நீதான? எங்க வீட்டுல மோரு குடிச்ச."

"ஆமாக்கா."

"அந்தப் பெட்டி என்னமோ சொல்லிச்சு. அதுவாச் சொல்லலயாம், நீங்க எழுதி ஒளிச்சு வச்சத எடுத்து வாசிச்சிருக்கு. போன மாசம் இதே மாதிரி ஒரு தாளு வந்து போங்கன்னு சொல்லிச்சு. இன்னைக்குப் பெட்டி வந்து இருங்கன்னு சொல்லுது. நான் எத நம்ப? நீ மனுசிதான, நீ சொல்லு. நாங்க போவணுமா, இருக்கணுமா?"

ஜெசிந்தா எழுந்தாள். இது வரிக்கு முன்னால் குறி போட்டு மறைக்க முடியாத இடம். எதிரே இருநூறு முகங்கள். அதிகாரியைப் பார்த்தாள், ஹமீதா தலையசைத்தார். பேச்சிமுத்துவைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று தோன்றியது.

"இருங்கக்கா," என்றாள். பிறகு கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, "யாரும் வீட்டைக் காலி பண்ண வேண்டாம். கடல் ஏறுதுதான், எல்லா ஊருலயும் ஏறுற மாதிரி வருசத்துக்கு நாலு மில்லிமீட்டர். பத்து வருசத்துல வீடு போயிரும்னு நாங்க எழுதுனது தப்பு. தூணு இறங்குனத, கடல் ஏறுனதா எழுதிட்டோம். எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சு. பயந்துட்டுச் சொல்லல."

சொல்லி முடித்ததும் மூச்சு ஒரு வருடத்துக்குப் பிறகு அடிவயிறுவரை போய் வந்தது.

அமலோற்பவம் அவளை மேலும் கீழும் பார்த்தார். அடிக்கப் போகிறாரோ என்றுகூட இருந்தது.

"இந்த ஒரு வார்த்தைக்கா மூணு பேருக்கு ஒரு வருசம் ஆச்சு?" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "கேட்டீயளா? அந்தப் பிள்ளையே சொல்லிட்டு. போயி மூட்டையப் பிரிங்க," என்றார். பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். பெண்கள் சிலர் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒருத்தி அழுதுகொண்டே, பரணில் ஏற்றிய கிரைண்டரை இனி யார் இறக்குவது என்று புருஷனிடம் சண்டை பிடித்தாள்.

அமலோற்பவம் இன்னும் போகவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"ஒம்பது வீடு ஏற்கனவே போயிட்டு, தெரியுமா? தாளு வந்த அன்னைக்கே பயந்து கிளம்புனவுக. அதுல என் தங்கச்சி வீடும் ஒண்ணு. கோவில்பட்டிக்கு அங்கிட்டு, கடல் எந்தத் திசையில இருக்குன்னே தெரியாத ஊருல ஒரு ஷெட்டுல கெடக்காவ."

கிரைண்டர் சண்டையைப் பார்த்து ஜெசிந்தாவின் முகத்தில் வந்திருந்த சிரிப்பு போய்விட்டது. அவளுக்கு அது தெரியாது. அறிக்கையில் அந்த ஒன்பது வீடுகளுக்கு எங்கேயும் ஒரு வரி இல்லை, சதவீதக் குறிக்குப் பின்னால்கூட இல்லை.

"நம்பர் இருக்காக்கா?"

"எதுக்கு?"

"நானே சொல்லுதேன்."

உமை எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். "அஞ்சு எனக்குக் குடு, நாலு நீ பேசு," என்றான். பேச்சிமுத்து நாற்காலியை இழுத்து அவர்கள் பக்கம் போட்டுக்கொண்டார். "ஆளுக்கு மூணு," என்றார்.

அமலோற்பவம் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல, ஜெசிந்தா முதல் எண்ணை அழுத்தினாள். நான்கைந்து முறை மணி அடித்தபின் ஒரு பெண் குரல் சந்தேகத்தோடு "யாரு?" என்றது.

"அக்கா, என் பேரு ஜெசிந்தா. அளவை மையத்துலருந்து பேசுதேன். நீங்க வீட்டுக்குத் திரும்பி வரலாம். நாங்க எழுதுனது தப்பு."

அந்தப் பெண் போனை மூடாமலே யாரையோ உரக்கக் கூப்பிடுவது கேட்டது, அதே பெயரை மறுபடி மறுபடி கூப்பிடுவது கேட்டது. ஜெசிந்தா காத்திருந்தாள். எழுதியது தப்பு என்பதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம் போல் இருந்தது.